திருவனந்தபுரம் மியூசியத்துக்கு இனி ஒரு நாள் முழுவதும்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு, தக்கலை அலுவலகத்திலிருந்து வணக்கம்.

"பக்கத்து வேன்காரர் ஒரே நாளில் அஞ்சு இடம் காட்டுறார், நீங்க ஏன் ஒரே இடத்தோடு நிறுத்திட்டீங்க?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். அதற்குத்தான் இந்த மடல்.

போன வருடம் வரை நாங்களும் காலையில் பத்மநாபபுரம் அரண்மனை, அப்புறம் கோவளம், கடைசியாக இந்த மியூசியம் வளாகத்தில் இருக்கும் மிருகக்காட்சி சாலை என்றுதான் போய்வந்தோம். ஒரு தடவை பாலராமபுரம் நெரிசலில் மாட்டி, சாயங்காலம் நாலரைக்குத்தான் உள்ளே நுழைந்தோம். ஐந்தேகாலுக்கு மூடுகிற இடம். நீர்யானையைப் பார்க்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த ஒரு சின்னப் பெண், பார்க்காமலே அழுதுகொண்டு வேனில் ஏறினாள். அது எங்கள் தப்பு. அன்றோடு திட்டத்தை மாற்றிவிட்டோம்.

இப்போது சனிக்கிழமை காலை ஆறரைக்குத் தக்கலையில் கிளம்புகிறோம். மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் ஆள் ஏற்றிக்கொண்டு, வாசல் திறக்கும் ஒன்பது மணிக்கு அங்கே நிற்போம். வெயில் ஏறினால் மிருகங்கள் நிழலில் படுத்துவிடும், காலையில்தான் நடமாட்டம். தண்ணீருக்கு மேலே நீர்யானையின் இரண்டு காதுகள் மட்டும் விசிறிக்கொண்டிருக்கும். பொறுமையாக நின்றால், புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு முழுத் தலையும் மேலே வரும். நரைத்த பிடரியோடு உட்கார்ந்திருக்கும் சிங்கவால் குரங்கை அவசரப்படாமல் பாருங்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெந்தக் காட்டிலும் அது கிடையாது.

55 ஏக்கர், மேடும் பள்ளமுமான நிலம். நடுவில் ஏரி, பாதை நெடுக மூங்கில் புதர்களும் வயதான மரங்களும். தாவரத் தோட்டமும் இதுவேதான், தனியாக ஒன்றைத் தேட வேண்டாம். மரங்களை அண்ணாந்து பார்க்காமல் கூண்டு கூண்டாக ஓடினால் பாதி இடத்தைப் பார்க்காமல் வந்ததாகத்தான் கணக்கு. முட்டுவலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், உட்கார்ந்து உட்கார்ந்து மெதுவாகப் போவோம்.

நம் ஊர்ப் பெரியவர்கள் 'காட்சி பங்களா' என்று சொல்வது இதைத்தான். 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேரும் வரை நாமும் திருவிதாங்கூர் பக்கம்தானே. சுவாதித் திருநாள் மகாராஜா குதிரை லாயத்தோடு புலி, கரடி, மான் எல்லாம் வளர்த்தார். அவருக்குப் பின் வந்த உத்திரம் திருநாள் காலத்தில், 1857-ல் மியூசியம் பிறந்தது. அந்தப் பழைய கட்டடத்தை 1874-ல் இடித்துவிட்டு, ராபர்ட் சிஸோம் என்ற கட்டடக் கலைஞர் எழுப்பியதுதான் இன்று நாம் பார்க்கும் நேப்பியர் மியூசியம். 1880-ல் முடிந்தது. வெளியே கொதிக்கிற நேரத்தில் உள்ளே போய் நில்லுங்கள். ஏசி இல்லாமலே குளுகுளுவென்று இருக்கும், காற்று வந்துபோகும்படி கட்டியிருக்கிறார்கள். கூரையின் முக்கோண முகப்பைப் பார்த்ததும் நம் பத்மநாபபுரம் அரண்மனை ஞாபகம் வரும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மியூசியம், அதே வளாகத்தில் உள்ள ராஜா ரவி வர்மா ஆர்ட் கேலரியில் ரவி வர்மா ஓவியங்கள். அவ்வளவுதான், திரும்பிவிடுவோம்.

திங்கட்கிழமை வண்டி கேட்காதீர்கள், அன்றைக்கு மிருகக்காட்சி சாலைக்கும் மியூசியத்துக்கும் லீவு. மியூசியம் புதன்கிழமை காலையிலும் திறக்காது. பத்மநாபபுரம் அரண்மனைக்கும் திங்கட்கிழமை விடுமுறைதான். அது நம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது என்பதால் தனியாக அரை நாள் வைத்துக்கொள்ளலாம்.

தின்பண்டத்தைப் பிளாஸ்டிக் பையில் கொண்டுவர வேண்டாம், மிருகங்களுக்கு எதையும் எறியவும் வேண்டாம். பிள்ளைகளுக்கு மட்டிப்பழமும் குடிதண்ணீரும் வண்டியில் நாங்களே வைத்திருப்போம்.

இந்தச் சனிக்கிழமை வருகிறவர்கள் வியாழன் சாயங்காலத்துக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள். வேனில் 17 பேருக்குத்தான் இடம்.

அன்புடன்,
உங்கள் வேன் சர்வீஸ், தக்கலை