டிப் ஏன் தண்ணீர் விடுகிறது? – வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடம் எள் விழுது (தஹினி) வாங்கிப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இரண்டு: வீட்டில் அரைத்த ஹம்மஸ் (கொண்டைக்கடலையும் எள் விழுதும் சேர்த்து அரைப்பது) ஏன் நறநறவென்று இருக்கிறது, தயிர் டிப் (தொட்டுக்கொள்ளும் கெட்டிக் கலவை) ஏன் பரிமாறுவதற்குள் தண்ணீர் விட்டுவிடுகிறது.

ஹம்மஸ் என்றால் அரபு மொழியில் கொண்டைக்கடலை. கடலை வேகும் பதத்தில்தான் எல்லாமே இருக்கிறது. 250 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை 12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி ஆப்ப சோடா போட்டு வேகவையுங்கள். சோடா தோலை இளக்கிவிடும். சுண்டலுக்கு வேகிற பதம் போதவே போதாது. ஒரு கடலையை இரு விரலுக்கு நடுவே அழுத்தினால் வெண்ணெய் மாதிரி நசுங்க வேண்டும். நடுவில் பருக்கையாகத் தட்டுப்பட்டால் மறுபடி அடுப்பில் வையுங்கள்.

2 பல் பூண்டை 60 மில்லி எலுமிச்சைச் சாற்றோடு சேர்த்தே நசுக்கி, 10 நிமிடம் விடுங்கள். புளிப்பு பட்டால் பூண்டின் காட்டம் ஏறாது. எள் விழுது பாட்டிலில் எண்ணெய் மேலே மிதக்கும். அடிவரை கிளறிவிட்டு 150 கிராம் எடுத்து அந்தச் சாற்றில் சேருங்கள். உடனே களிமண் போல இறுகும். பயந்துபோய் எண்ணெய் ஊற்றிவிடாதீர்கள். ஈரம் போதாததால் வரும் இறுக்கம் அது. ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அடித்தால் இளகி வெளுத்து வரும். பிறகு கடலையும் உப்பும் போட்டு அரையுங்கள்.

தயிர் டிப்புக்கு, கொழுப்பு நீக்காத கெட்டித் தயிர் 1 கிலோ. மல்துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, ஃபிரிட்ஜுக்குள்ளேயே 12 மணி நேரம் வடியவிடுங்கள். வெளியே தொங்கவிட்டால் புளித்துவிடும். ஏறக்குறைய அரைக் கிலோ தேறும். அதை மிக்ஸியில் அடிக்கவே கூடாது, கட்டு உடைந்து நீர்த்துப்போகும். கரண்டியால் கலந்தால் போதும். வெள்ளரிக்காயைத் துருவி, உப்பு பிசறி 15 நிமிடம் வைத்து, கையால் ஒட்டப் பிழிந்த பிறகே சேருங்கள். பெரும்பாலும் தண்ணீர் விடுவது தயிர் அல்ல, வெள்ளரிதான். புதினாவை அலசினால் துணியில் ஒற்றி எடுங்கள்.

ஷார்குட்டரி போர்டில் (இறைச்சித் துண்டுகள், சீஸ் போன்றவற்றை அடுக்கிப் பரிமாறும் பலகை) முதலில் டிப் கிண்ணங்களை வைத்துவிட்டு, சுற்றிலும் சலாமி (பதப்படுத்திய இறைச்சித் துண்டு), சீஸ், காய்களை அடுக்குங்கள். பிஸ்கட், கிராக்கர் வகைகள் கடைசியில்தான். ஈரம் பட்டால் நமத்துவிடும். கொழுப்பான சலாமிக்குக் கடுகு டிப் நன்றாக எடுபடும். ஆளுக்கு 50 கிராம் டிப் என்று கணக்கு வையுங்கள். பெரிய கிண்ணம் ஒன்றை நிரப்பி வைப்பதைவிடச் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புவதே நல்லது.

பிக்னிக்குக்கு ஒரு நாள் முன்பே டிப்பைக் குளிர வைத்துவிடுங்கள். பெட்டியில் ஐஸ் பொதியை டிப்புக்கு மேலே வையுங்கள். குளிர்ச்சி கீழே இறங்கும். மேலே ஊற்றும் ஆலிவ் எண்ணெயைத் தனியாகக் கொண்டுபோய் அங்கே ஊற்றுங்கள். வெளியே வைத்த டிப்பை 2 மணி நேரத்துக்கு மேல் சாப்பிட வேண்டாம். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைக்கவே வைக்காதீர்கள், உயிருக்கே ஆபத்தான நச்சு அதில் உருவாகலாம்.

எள்ளும் பாலும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. வருகிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
கடைக்காரர்கள்