சனிக்கிழமைப் பட்டறையை மூடாதீர்கள்: அறிவியல் மைய ஆட்சிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சிக்குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நம் மக்கள் அறிவியல் கல்வி மையத்தில் ஒன்பது ஆண்டுகளாகத் தன்னார்வ விளக்குநராக இருக்கும் நான், வரும் ஆண்டுக்கான நிகழ்ச்சி நிரலின் வரைவைப் படித்தபின் இம்மடலை எழுதுகிறேன். மாதம் ஒரு பெருநிகழ்ச்சி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு, ஒரு சிறப்பு விருந்தினர், நிறைவில் சான்றிதழ் என்று வரைவு மிக ஒழுங்காக அமைந்திருக்கிறது. முன்பதிவின்றி யாரும் வந்து கருவிகளைக் கையாண்டு பார்க்கும் சனிக்கிழமைத் திறந்த பட்டறை மட்டும் அதில் "தேவைக்கேற்ப நடத்தப்படும்" என்ற அடிக்குறிப்பாகச் சுருங்கியிருக்கிறது. அலுவலக மொழியில் இச்சொற்களுக்கு என்ன பொருள் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். மொட்டை மாடியில் சூரிய நிழலை அளக்க நட்டுவைத்த நிழற்கோலை அகற்றிவிட்டு, விருந்தினர் அமர்வதற்கு அங்கே கூரை போடும் திட்டமும் அதே வரைவில் இருக்கிறது. இவ்விரண்டையும் குழு மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பெருநிகழ்ச்சியே கூடாது என்று நான் வாதிடவில்லை. −196 பாகை செல்சியஸ் குளிரில் இருக்கும் திரவ நைட்ரஜனுக்குள் பலூனை அமிழ்த்தியதும் அது வற்றி ஒட்டிப்போவதையும், வெளியே எடுத்துவைத்த சற்று நேரத்தில் தானாகவே உப்பி எழுவதையும் கண்டு அரங்கு ஆரவாரிக்கும்போது, பின்வரிசையில் நின்று நானும் கைதட்டியிருக்கிறேன். சென்ற முறை முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, உள்ளே காற்றுக்குப் பதிலாக ஹீலியம் இருந்தாலும் இப்படித்தான் ஒட்டிப்போகுமா என்று கேட்டாள். அருமையான கேள்வி அது. ஹீலியம் அந்தக் குளிரிலும் திரவமாவதில்லை. ஆகவே அந்தப் பலூன் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குப் பருமனோடு நின்றுவிடும். இதைச் செய்து காட்ட ஐந்து நிமிடம் போதும். ஆனால் அடுத்த அங்கத்துக்கு நேரமாகிவிட்டதால் அவளை உட்காரச் சொன்னோம். சொன்னவன் நான்தான்.

மேடைச் செயல்விளக்கம் ஒருவர் வாழ்க்கையையே திருப்பிவிடும் என்பதற்கு மின்னியல் அறிஞர் மைக்கேல் ஃபாரடேயைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். குழுக் கூட்டத்திலும் அவர் பெயர் அடிபட்டதாகக் கேள்விப்பட்டேன். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்த அந்த இளைஞர், 1812-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் வேதியியலர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அக்குறிப்புகளை நூலாகக் கட்டி டேவிக்கே அனுப்பினார். மறு ஆண்டு அங்கேயே உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே 1825-இல் தொடங்கிய இளையோருக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளைப் பின்னாளில் 19 முறை அவரே நிகழ்த்தினார். இவை அனைத்தும் உண்மை. ஆயினும் டேவியின் அரங்குக்குள் கால் வைப்பதற்கு முன்பே, கட்டுவதற்கு வந்த நூல்களில் படித்த சோதனைகளைத் தம்மால் இயன்ற அளவில் செய்துபார்த்தவர், நிலைமின்சாரம் உண்டாக்கும் கருவி ஒன்றைத் தாமே செய்துகொண்டவர் அவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டேவியின் சொற்பொழிவு உழுதுவைத்த நிலத்தில் விழுந்த விதை. உழவுக்கு நம்மிடம் இருப்பது சனிக்கிழமைப் பட்டறை ஒன்றுதான்.

அந்த நிழற்கோல் எதற்கு என்று குழுவில் சிலர் கேட்டதாக அறிகிறேன். அது ஒரு மீட்டர் உயர இரும்புக் கம்பி; பார்வைக்கு அழகில்லாதது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நண்பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் நிழல் மிகக் குறுகும் என்று பாடத்தில் படித்துவிட்டு வந்த ஏழெட்டுப் பிள்ளைகள், அது உண்மையா என்று பார்க்க ஒரு சனிக்கிழமை மாடிக்கு ஏறினார்கள். நிழல் பன்னிரண்டு மணிக்குக் குறுகவில்லை. கம்பி சாய்ந்திருக்கிறது என்றார்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டைக் கட்டிப் பார்த்து அதை நிமிர்த்தினார்கள். கடிகாரம் தவறு என்றார்கள்; நான்கு கடிகாரங்களை ஒப்பிட்டார்கள். மிகக் குறுகிய நிழல் எது என்பதையே துல்லியமாகச் சொல்ல முடியவில்லை என்பது அடுத்த சிக்கல், ஏனென்றால் உச்சிப்பொழுதில் நிழலின் நீளம் நெடுநேரம் மாறாததுபோலவே தோன்றும். கம்பியைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, நிழலின் நுனி காலையில் வட்டத்தைத் தொடும் நேரத்தையும் மாலையில் தொடும் நேரத்தையும் குறித்து இரண்டுக்கும் நடுவை எடுத்தால் போதும் என்ற பழைய உத்தியை நான் சொல்லித் தரவில்லை; மூன்றாம் மாதத்தில் ஒரு பையன் அதைத் தானே கண்டுபிடித்தான். வாயைத் திறக்காமல் மூன்று மாதம் இருப்பது விளக்குநருக்கு எவ்வளவு கடினம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் பாடமே தொடங்கியது. ஊர் இருக்கும் தீர்க்கரேகை நாட்டின் பொது நேரத்துக்குரிய தீர்க்கரேகையிலிருந்து ஒவ்வொரு பாகை விலகும்போதும் நான்கு நிமிட வேறுபாடு வரும் என்று கணக்கிட்டு, விடை கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள். ஆனால் அந்த வேறுபாடு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருந்திருக்க வேண்டும், அப்படி இல்லை. நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிக்குள் நிழலின் உச்சிவேளை ஏறத்தாழ அரை மணி நேரம் தாமதமானது. சூரியன் கடிகாரத்தைவிட நவம்பரில் 16 நிமிடம் முந்தியும் பிப்ரவரியில் 14 நிமிடம் பிந்தியும் ஓடுகிறது. பூமியின் பாதை முழுவட்டமாக இல்லாததால் அது சனவரியில் நொடிக்கு 30.3 கிலோமீட்டர் வேகத்திலும் சூலையில் 29.3 கிலோமீட்டர் வேகத்திலும் செல்வது ஒரு காரணம். அதன் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பது மற்றொரு காரணம். இதை ஒரு பலகையில் எழுதி மாட்டினால் அரை நிமிடத்தில் படித்துவிடலாம். பதினொரு மாதம் எடுத்துக்கொண்ட பிள்ளைகளின் பதிவேட்டில் அடித்தல் திருத்தல்களும், மேகம் மறைத்த நாட்களுக்கான வெற்றிடங்களும், யாரோ ஒருத்தி கோபத்தில் போட்ட மூன்று வியப்புக்குறிகளும் இருக்கின்றன. ஒரு நாள் விழா எதிலும் இந்தப் பதிவேடு உருவாகியிருக்க முடியாது.

உலகெங்கும் அறிவியல் மையங்களுக்கு முன்மாதிரியாகக் கருதப்படும் எக்ஸ்புளோரட்டோரியத்தை 1969-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய இயற்பியலர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர், காட்சிப்பொருள்களைச் செய்து பழுதுபார்க்கும் பட்டறையைப் பின்கட்டில் ஒளித்து வைக்கவில்லை. உள்ளே வருவோர் கண்ணில் படும்படி அமைத்தார். விளக்குநர்களாகப் பட்டதாரிகளை அல்லாமல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை அமர்த்தினார். விடை தெரியாதபோது "எனக்குத் தெரியாது, வாருங்கள் பார்ப்போம்" என்று கூச்சமில்லாமல் சொல்ல அந்த வயதினரால் முடியும். நம் மையத்திலோ பழுதான பொருளின்மேல் துணியைப் போர்த்திப் பலகை மாட்டிவிடுகிறோம். சென்ற ஆண்டு ஊசல் காட்சியின் தாங்கி தேய்ந்து நின்றபோது அதைச் சனிக்கிழமைப் பிள்ளைகள்தாம் கழற்றிப் பார்த்துச் சரிசெய்தார்கள். ஊசலின் அலைவு நேரம் குண்டின் எடையைப் பொறுத்ததல்ல, கயிற்றின் நீளத்தைப் பொறுத்தது என்பதைக் கயிற்றைத் தவறான நீளத்தில் மாட்டிவிட்டுத்தான் அவர்கள் உறுதிசெய்துகொண்டார்கள். அந்தப் பிழைக்கு நான் நன்றியுள்ளவன்.

குழுவின் தரப்பையும் நான் அறியாதவனல்லன். நன்கொடையாளர்கள் எண்ணிக்கை கேட்கிறார்கள். ஒரே நாளில் அரங்கு நிறைந்த ஒளிப்படம் ஆண்டறிக்கையின் ஒரு பக்கத்தை நிறைத்துவிடும். ஒரு மேசையைச் சுற்றி எட்டுப் பிள்ளைகள் குனிந்து நிற்கும் படம் அவ்வாறு நிறைக்காது. ஆகவே கணக்கிடும் முறையைச் சற்று மாற்றலாம் என்று பரிந்துரைக்கிறேன். எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, அவர்களில் எத்தனை பேர் மூன்றாம் முறையும் வந்தார்கள் என்பதையும் ஆண்டறிக்கையில் சேர்க்கலாம். வருகைப் பதிவேடு ஏற்கனவே இருக்கிறது. கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு பத்தி மட்டுமே. பள்ளி வருகைகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். நாற்பது நிமிடத்தில் ஒரு வகுப்பு முழுக் காட்சிக்கூடத்தையும் சுற்றி வெளியேறுகிறது. விசில் ஊதி வரிசையை நகர்த்துகிறோம். அந்நேரத்தில் மூன்றே காட்சிகளை மட்டும் காட்டினால் ஆசிரியர்கள் முதலில் குறைப்பட்டுக்கொள்வார்கள். பிறகு பழகிவிடுவார்கள்.

பெருநிகழ்ச்சிகளைக் கைவிட வேண்டியதுமில்லை. சிலவற்றைத் தொடர்ச்சியுள்ளவையாக மாற்றலாம். 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, வேட்டைக்குப் போவதற்குப் பதிலாகப் பறவைகளை எண்ணுவோம் என்று பறவையியலர் ஃபிராங்க் சாப்மன் அழைத்தபோது வட அமெரிக்காவில் 25 இடங்களில் 27 பேர்தாம் எண்ணினார்கள். அதுவும் ஒரு நாள் நிகழ்ச்சிதான். ஆண்டுதோறும் விடாமல் எண்ணிவந்ததால் அது இன்று பறவைகளின் பெருக்கத்தையும் அருகலையும் அறிய உதவும் நூற்றாண்டுப் பதிவாக நிற்கிறது. நம் விண்மீன் இரவையும் அப்படி நடத்தலாம். விருந்தினர் உரையைப் பத்து நிமிடமாகக் குறைத்துவிட்டு, ஓரியன் விண்மீன் குழுவுக்குள் வெறுங்கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களை ஒவ்வொருவரும் எண்ணிக் குறித்தால், அடுத்தடுத்த ஆண்டுகளில் தெருவிளக்கு வெளிச்சம் நம் வானத்தை எவ்வளவு மறைக்கிறது என்பதற்கு நம்மிடமே சான்று சேரும். 2006 முதல் உலகளவில் இத்தகைய கணக்கெடுப்பு நடந்து வருகிறது. எண்ணும் முறையை நாம் புதிதாக வகுக்க வேண்டியதில்லை.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். "சமூக அறிவியல் மையம்" என்று வைத்தால் வரலாறும் புவியியலும் நடத்தும் இடம் என்று எண்ணிவிடுவார்கள் என்பதால்தான் முன்னோடிகள் "மக்கள்" என்ற சொல்லைத் தேர்ந்ததாகக் கேள்வி. விக்ரம் சாராபாய் 1960-களில் அகமதாபாதில் அறிவியல் மையம் அமைத்தபோதும் பள்ளிப் பாடத்துக்கு வெளியே பிள்ளைகளும் ஆசிரியர்களும் பொதுமக்களும் அறிவியலைக் கையாண்டு பார்க்கும் இடமாகவே அதைக் கருதினார். அழைப்பிதழ் இல்லாமல், முன்பதிவு இல்லாமல், எந்தப் பள்ளியையும் சேராத ஒருவர்கூட உள்ளே வந்து ஒரு திருப்புளியை எடுத்துக்கொள்ளக் கூடிய நாள் இப்போது நம் வாரத்தில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது.

எனவே சனிக்கிழமைப் பட்டறையை அடிக்குறிப்பிலிருந்து நிரலுக்கு ஏற்றி, காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை என்று நேரத்தையும் அச்சிட வேண்டுகிறேன். காலை நிழலும் மாலை நிழலும் கிடைக்க அவ்வளவு நேரம் தேவை. பட்டறைத் தொழில்நுட்பர் பணியிடத்தை நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர் பணியாக மாற்றும் பரிந்துரையையும் நிறுத்திவைக்க வேண்டுகிறேன். விருந்தினர் கூரைக்கு மாடியின் வடகோடி போதும். நிழற்கோலின்மேல் நிழல் விழாதபடி கூரையின் உயரத்தை எவ்வளவு வைக்கலாம் என்பதைப் பிள்ளைகள் ஏற்கனவே கணக்கிட்டு, அளவுகளோடு வரைந்து வைத்திருக்கிறார்கள். அவ்வரைபடத்தின் நகலை இம்மடலுடன் இணைத்திருக்கிறேன். அளவுகளை நான் சரிபார்த்துவிட்டேன். ஓரிடத்தில் ஐந்து சென்டிமீட்டர் பிழை இருந்தது, அதை அவர்களே திருத்திவிட்டார்கள்.

பணிவன்புடன்,
மையத்தின் தன்னார்வ விளக்குநர் ஒருவர்