கிணற்றடிப் பெட்டி

அன்பு மகள் ரெஜிக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். மூன்று ஞாயிற்றுக்கிழமையாக உன் குரலைக் கேட்கவில்லை. கைப்பேசியில் ‘நலம்’ என்று ஒரு சொல் மட்டும் வருகிறது; அதை அடித்தது நீதானா என்று அம்மா கேட்கிறாள். இரவுப் பணியாக இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. பாஸ்போர்ட் எப்போதும் உன் கையிலேயே இருக்கட்டும்.

கிணற்றடிப் பெட்டியின் தேனீக் கூட்டம் பிரியப் போகிறது. நேற்று மழை விட்டதும் திறந்து பார்த்தேன். மூன்றாவது அடையின் அடி விளிம்பில் வேர்க்கடலை போல ஐந்து ராணி அறைகள் தொங்குகின்றன. அவற்றில் ஒன்றின் நுனியிலிருந்த மெழுகைத் தேனீக்கள் சுரண்டிவிட்டதால் உள்ளிருக்கும் உறை பழுப்பாகத் தெரிகிறது, ஆகவே இரண்டொரு நாளில் புது ராணி வந்துவிடும். இந்தக் கார்த்திகை மழை பிடித்து வைக்காவிட்டால் தாய் ராணி இதற்குள் புறப்பட்டிருக்கும். ஆம், தாய்தான் போகும். கட்டிய அடை, சேர்த்த தேன், மகரந்தம், வளரும் புழுக்கள் எல்லாவற்றையும் மகளுக்கு விட்டுவிட்டு, வயிறு நிறையத் தேன் குடித்த ஒரு கூட்டத்தோடு அது வேறு இடம் தேடிப் பறந்துவிடும். உன் திருமணத்துக்கு முந்தைய நாள் இதைச் சொல்லி, “நம் வீட்டில் மட்டும் முறை மாறியிருக்கிறதே” என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன்.

உன் தாத்தா மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ-வில் கற்றுக்கொண்ட தொழில் இது. ஆனாலும் தேனீயின் நடனத்துக்குப் பொருள் உண்டென்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீதான். அதைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973-இல் நோபல் பரிசு கிடைத்ததென்று பள்ளிப் புத்தகத்தோடு ஓடிவந்து சொன்னாய். பெட்டிக்குள் கும்மிருட்டு, ஆடுகிற தேனீயை மற்றவை உணர்கொம்புகளால் தொட்டுத் தொட்டே பூ எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் என்று அறிந்துகொள்கின்றன. அந்தப் பெட்டிக்குள் சேதி மறைவதில்லை. நம் வீட்டில் நீ அம்மாவின் பிடிவாதத்தோடு பிறந்திருக்கிறாய். ஒரு வார்த்தை சொன்னால் உனக்கு என்ன குறைந்துவிடும் என்று கோபமும் வருகிறது. நம் குடும்பத்தின் முதல் நர்ஸ் நீ என்று சந்தையில் சொல்லாத ஆளில்லை. அப்படிச் சொல்லிச் சொல்லியே உன் வாயை அடைத்துவிட்டேனோ என்னவோ.

நம் நாட்டுத் தேனீப் பெட்டியைத் தட்டினால் ‘உஸ்’ என்று ஒரே மூச்சாய்ச் சீறி உடனே அடங்கும். ராணியில்லாத பெட்டியில் அந்த ஒலி அடங்காமல் முனகலாக நீளும். மரத்தில் காதை வைத்தால் போதும், திறக்க வேண்டியதில்லை என்று உனக்குப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தவன் நான். 1992-இல், நீ கைக்குழந்தையாக இருந்தபோது, அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. வாசலில் தேனீக்கள் போய்வந்துகொண்டிருந்ததால் எல்லாம் சரி என்றே இருந்தேன். திறந்து பார்த்தபோது அறைக்கு அறை புழுக்கள் தலையைத் தூக்கியபடி, தண்ணீர் நிறைந்த பைபோல் செத்துக் கிடந்தன. தாய்லாந்துப் பை நோய் என்று பிறகு பெயர் சொன்னார்கள். நாற்பத்திரண்டு பெட்டிகளில் மூன்றே தப்பின. முன்பே திறந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது, அதற்கு மருந்தில்லை. ஆனால் உண்மை என்னவென்றால், நான் திறக்காமல் இருந்தது பயத்தால். கடன் வாங்கியிருந்தேன்; உள்ளே இருப்பதைப் பார்க்கத் துணிவில்லை.

மக்களே, கடந்த ஈஸ்டருக்கு நீ வந்திருந்தபோது, கடைசித் தேனெடுப்பு அன்று, இதே கிணற்றடிப் பெட்டியின் பக்கத்தில் நின்று “அப்பா, அங்கே…” என்று தொடங்கினாய். நான் புகைப்பானை உன் கையில் கொடுத்து, “ராணி தெரிகிறது, புகை விடு” என்றேன். ராணி தெரியவில்லை. உன் மணிக்கட்டைப் பார்த்துவிட்டேன். பெட்டியைக் கிணற்றில் தள்ளியிருக்கலாம், உன்னைப் பேசவிட்டிருக்கலாம். அன்றிலிருந்து அம்மாவிடமும் சொல்லவில்லை.

மழை வெறித்ததும் கூட்டத்தைப் பறக்கவிடாமல் நானே பிரித்துவிடுவேன். தாய் ராணியை இரண்டு அடைகளோடு புதுப் பெட்டிக்கு மாற்றித் தென்னையடியில் வைப்பேன். பழைய பெட்டி மகளுக்கு. தை பிறந்து ரப்பர் தளிர்க்கும்போது இரண்டிலும் தேன் இறங்கும். மாடி அறையில் அடுக்கியிருந்த காலிப் பெட்டிகளையெல்லாம் கொட்டகைக்கு மாற்றி, அறையை வெள்ளையடித்துவிட்டேன். டிக்கெட்டுக்குரிய பணம் உன் பழைய கணக்கில் இருக்கிறது. அது உன் பெயரில் மட்டுமே உள்ள கணக்கு. சம்பளத்தையும் அதிலேயே போடு.

இந்தக் கடிதத்தைத் தேன் பாட்டிலோடு உன் மருத்துவமனைக்கே கொண்டுவந்து தரச் சொல்லியிருக்கிறேன். வாசித்ததும் கிழித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, பக்கத்தில் ஆள் இருந்தால் கிணற்றடிப் பெட்டி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள். மறுநாளே நான் திருவனந்தபுரம் போய் விமானத்துக்கு ஏற்பாடு செய்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா