மதாபாவை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பழைய விவிலிய நில வரைபடங்கள் பற்றி வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் 1579-இல் வரைபடக் கலைஞர் ஓர்ட்டேலியஸ் அச்சிட்ட அப்போஸ்தலர் பவுலின் பயண வரைபடத்திலிருந்து கதையைத் தொடங்கியது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்கு ஆயிரம் வருஷம் முன்பே, 6-ஆம் நூற்றாண்டில், இன்றைய ஜோர்டானில் இருக்கும் மதாபா ஊரில், தேவாலயத் தரையிலேயே வண்ணக் கற்களைப் பதித்து ஒரு வரைபடம் செய்துவிட்டார்கள். எரிகோ, பெத்லகேம், காசா, அப்புறம் எகிப்தின் நைல் கழிமுகம் வரை ஊர்ப் பெயர்கள் எல்லாம் கிரேக்க எழுத்தில், மேல்பக்கம் வடக்கு அல்ல, கிழக்கு. யோர்தான் நதியில் ஒரு மீன் சாக்கடலின் உப்புக்குப் பயந்து திரும்பி நீந்துகிறது, செய்தவர் குறும்புக்காரர்தான் போலும்!

வெறும் அலங்காரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. எருசலேமின் நடுவே தூண்வரிசையோடு போகும் பெரிய வீதியையும், பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் கட்டிய நேயா தேவாலயத்தையும் அதில் காட்டியிருக்கிறார்கள். 1967-க்குப் பிந்தைய அகழாய்வில் இரண்டின் எச்சங்களும் வெளியே வந்தன. ஓர்ட்டேலியஸ் படத்தில் அழகு அதிகம், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அது எங்கோ ஐரோப்பாவில், இன்றைய பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் உட்கார்ந்து வரைந்தது.

இணையப் பதிப்பிலாவது மதாபா பற்றி ஒரு பத்தி சேருங்கள், எருசலேம் பகுதியின் படத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை