நகர் நலச் சங்கம், கடலூர் முதுநகர்: 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கை வாட்ஸ்அப்பில் வரும்.

கொடியேற்றமும் பொங்கல் விழாவும் வழக்கம்போல் நடந்தன. ஃபெஞ்சல் புயலின்போது உணவுப் பொட்டலங்கள் வழங்கினோம். தெருவிளக்குக்கு மனு கொடுத்தோம். நினைவூட்டல் மனுவும் கொடுத்தோம்.

மற்றபடி, இந்த ஆண்டை விழுங்கியது ஜூலை மாதத் தீர்மானம்தான். பள்ளி நேரத்தில் துறைமுகத்தில் திரியும் பையன்களைப் போலீசில் ஒப்படைக்க வேண்டும், பெற்றோரிடம் ஐந்நூறு ரூபாய் அபராதம் வாங்க வேண்டும் என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். பலத்த கைதட்டல். நான் எதிர்த்தேன். ஊர்சுற்றிகளின் வக்கீல் என்ற பட்டம் கிடைத்தது. ஆகவே என் தரப்பை இங்கே பதிவு செய்கிறேன்.

6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். தவறினால் தண்டனை என்று அதில் இல்லை. பிள்ளை தவறாமல் வருவதை உறுதிசெய்யும் பொறுப்பை அது அரசின் தலையில்தான் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸில் பள்ளிக்கு மட்டம் போடுவதைக் குற்றமாக்கி, மாணவர்களுக்கு 500 டாலர் வரை அபராதம் விதித்துப் பார்த்தார்கள். 2015இல் அதைக் குற்றப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு, முதலில் பள்ளி தலையிட்டுச் சரிசெய்யட்டும் என்று மாற்றினார்கள்.

நம் ஊர்க் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14ஆம் தேதி முடிகிறது. பள்ளியும் ஜூனில்தான் திறக்கிறது. இரண்டு மாதம் வருமானமில்லாத வீட்டில், படகு இறங்கியதும் பையனும் கூடை தூக்கப் போகிறான். விட்ட பாடம் புரிவதில்லை. திரும்பிப் போக வெட்கம். அந்த வீட்டில் அபராதம் கேட்டால், அதைக் கட்டவும் அவனே கூடை தூக்க வேண்டும்.

எனவே சங்கக் கட்டடத்தில் மாலை வகுப்பு தொடங்கினேன். வருபவர்கள் சொற்பம்தான், அவர்களில் மீண்டும் பள்ளிக்குப் போகிறவர்களும் உண்டு. பாடம் சொல்லித்தரப் பெயர் கொடுத்த உறுப்பினர்களில் சிலர் முதல் வாரத்தோடு நின்றுவிட்டார்கள். அவர்களைப் போலீசில் ஒப்படைக்க யாரும் தீர்மானம் கொண்டுவரவில்லை.

வரவு செலவு ஏறக்குறையச் சரியாக உள்ளது, விவரம் பொருளாளரிடம். சந்தா நிலுவைப் பட்டியல்தான் நீளம். ஜூலையில் கைதட்டிய பலர் அதில் இருக்கிறார்கள், பெயர் வாசிக்கவில்லை. தாமதச் சந்தாவுக்கும் நம் விதிகளில் அபராதம் உண்டு. இதுவரை வசூலித்ததில்லை.

ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

ஜூன் நெருங்குகிறது. வகுப்புக்குக் கரும்பலகை ஒன்றும், கணக்கு சொல்லித்தர ஒருவரும் தேவை. செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்பதாக இருந்தாலும் மகிழ்ச்சியே. மாலை வகுப்பை நிறுத்தமாட்டேன் என்று சொன்னால் சாவியை இன்றே கொடுத்துவிடுகிறேன்.

செயலாளர்