பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது

பாப்பா,

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. கம்பெனியில் பாத்ரூம் போனால் எத்தனை நிமிஷம் என்று சூப்பர்வைசர் நோட்டில் எழுதுகிறார், அதனால் ஷிஃப்ட் முடிகிறவரை தண்ணீர் குடிப்பதில்லை என்று சொல்லிவிட்டு, ஒன்றுமே இல்லாதது மாதிரி சாப்பாட்டுப் பேச்சுக்குப் போய்விட்டாய்.

நானும் அப்படித்தான் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு ஜவுளிக்கடையில் 6 வருஷம் புடவைப் பிரிவில் வேலை. காலை ஒன்பதரைக்கு ஏறினால் ராத்திரி 10 மணி, தீபாவளி சமயம் என்றால் அதற்கும் மேல், அவ்வளவு நேரமும் நின்றபடிதான். வாடிக்கையாளர் யாரும் இல்லாத மத்தியானத்திலும் உட்காரக்கூடாது, அலமாரியில் சாய்ந்தால் சம்பளத்தில் பிடிப்பு. மாடியில் பெண்கள் 40 பேருக்கு ஒரே கக்கூஸ். நீர்க்கடுப்பு வந்து துடித்தபோதும் மேனேஜர் ஆம்பளை ஆயிற்றே, எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன். சின்ன வயதில் நீ என் காலைத் தொட்டு "இது என்னம்மா, புழுவா?" என்று கேட்பாயே, அந்தச் சுருண்ட நரம்பு அங்கே நின்று வந்ததுதான்.

எங்களை மாதிரியே நின்ற பெண்கள்தான் கோழிக்கோட்டில் எதிர்த்துக் கேட்டார்கள். தையல் வேலை பார்த்த விஜி என்பவர் மிட்டாய்த் தெருக் கடைப் பெண்களைச் சேர்த்தார். முதலில் கேட்டது கழிப்பறை, அப்புறம் உட்கார ஒரு நாற்காலி. 2018இல் கேரளாவில் கடையில் வேலை செய்கிறவர்கள் உட்காரலாம் என்பது சட்டமானது. 2021 செப்டம்பரில் நம் சட்டசபையிலும் வந்தது. பேப்பரில் அதைப் பார்த்த அன்று உன் அப்பாவை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஆனால் உன் சித்தி மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போன கடையில் ஸ்டூல் இருந்தது, அதன்மேல் துணிக்கட்டு அடுக்கியிருந்தது, அந்தப் பெண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு அன்று புடவை பார்க்கவே மனசு வரவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நாளையிலிருந்து தண்ணீர் குடி, அவர் எழுதினால் எழுதட்டும். எத்தனை மணிக்கு உள்ளே போனாய், எத்தனை மணிக்கு வெளியே வந்தாய் என்று நீயும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுது. வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அந்த நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும், அது அவர்கள் செய்கிற தர்மம் இல்லை, சட்டம். பிஎஃப், ஈஎஸ்ஐ என்று சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அது உன் பெயரில் ஏறியிருக்கிறதா என்று பார். உன்னை வேலைக்கு எடுத்த கான்ட்ராக்ட்காரர் அதைக் கட்டாமல் விட்டால் கம்பெனிதான் பொறுப்பு, உன்னை அங்கும் இங்கும் அலைக்கழிக்க விடாதே.

கேட்கும்போது தனியாகப் போகாதே. ரூமில் இருக்கிற 8 பேரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். எங்கள் கடையில் தனியாகக் கேட்ட ஒருத்தியை அன்றைக்கே கணக்கு முடித்து ஊருக்கு அனுப்பினார்கள், நாங்கள் எல்லோரும் புடவை மடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். இன்றுவரை அவள் முகம் எனக்கு மறக்கவில்லை.

வீட்டுக் கடனை நினைத்துப் பொறுத்துக்கொண்டு இருக்காதே, அதை நானும் அப்பாவும் பார்த்துக்கொள்வோம். முடியவில்லை என்றால் ராத்திரி பஸ் ஏறி வந்துவிடு, ஏன் வந்தாய் என்று இந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். சம்பளச் சீட்டைப் போட்டோ எடுத்து நாளைக்கே அனுப்பு.

அம்மா