பம்பு இன்ஜின் விஷயமாக

அன்புள்ள பாண்டிக்கு,

அம்மா எழுதுவது. புது பம்புசெட்டுக்குப் பணம் அனுப்புகிறேன் என்று நீ சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்கிறார். பம்பை ஓட்டும் நம்ம பழைய பெட்ரோல் இன்ஜின் மேல் அவருக்கு இருக்கும் பாசம் தனிக் கணக்கு, அதை விடு. நான் பார்த்ததை எழுதுகிறேன்.

இழுவை இல்லை என்றாயே, அது முழுக்க இன்ஜின் குற்றம் இல்லை. நம்ம பூம்பாறை மலையில் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே கிடைக்கிற காற்றில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இங்கே குறைவு. இன்ஜின் தகட்டில் 5.5 குதிரைத்திறன் என்று அடித்திருந்தாலும் மலைக்கு மேல் நாலரைதான் தேறும். புதுசு வாங்கினாலும் இதே கதைதான். தண்ணீரை உறிஞ்சுவதும் அப்படித்தான். கடலோரத்தில் கணக்குப்படி 10 மீட்டர் என்றால் இங்கே 8 மீட்டர், நடைமுறையில் அதிலும் குறைவு. அதனால் பம்பை ஓடைக்கு இன்னும் கிட்டே இறக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

தேய்மானமே இல்லை என்று சொல்ல வரவில்லை. தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பெட்ரோல் அதிகமாகப் போனால் காய்ந்த கரி பொடியாக விரலில் ஒட்டும். பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைச் சின்னதாக மாற்றினால் அது தீர்ந்துவிடும். இதிலோ கரி ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. புகையும் நீலம். அப்புறம் பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, பிளக்கை மறுபடி மாட்டிக் கயிற்றை இழுத்தேன். அதுவரை பஞ்சு மாதிரி வந்த கயிறு கையைப் பிடித்து நிறுத்தியது. ஆயில் உள்ளே போனதும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்று அமுங்கும் அழுத்தம், ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்சுவரான போரும் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வால்வு ஒழுகினால் இப்படி மாறாது.

ரிங், போர் மட்டும்தான் என்றால் எனக்குப் புதுசு வேண்டாம். இந்த போரை இதுவரை ஒருமுறைகூடக் கடைந்ததில்லை. கடைந்தால் போர் கொஞ்சம் பெரிதாகும், அதற்கு ஏற்ப 0.25, 0.50, 0.75 மில்லிமீட்டர் பெரிதான ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கும், முதல் அளவிலேயே சரியாகிவிடலாம். வத்தலக்குண்டு லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்குவோம். பூண்டு முற்றி வருகிறது, இனி அறுவடை வரை தண்ணீர் விடப்போவதில்லை. பிரித்துப் போட இதைவிட நல்ல சமயம் வராது.

எனக்குப் பயம் பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கில்தான். இந்தச் சின்ன இன்ஜின்களில் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடுக்குள் தனி பேரிங் கிடையாது, அலுமினியமே நேராக கிராங்க் மேல் ஓடும். அந்த இடம் கீறிக் கிடந்தால் ராடு, கிராங்க், பிஸ்டன் எல்லாம் சேர்ந்து புதுசின் பாதி விலையைத் தாண்டிவிடும். அப்போது நானே உனக்குப் போன் பண்ணுகிறேன். கிராங்கின் வெளியே நீட்டும் ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்ததில் ஆட்டம் எதுவும் தெரியவில்லை. ஆனால் திறந்து பார்த்தால்தான் நிச்சயம்.

அப்படியே வாங்க வேண்டி வந்தாலும் முழு செட் எதற்கு? பம்பு நன்றாகத்தான் இருக்கிறது, இன்ஜின் மட்டும் போதும். ஒன்றைக் கவனி. கடையில் கீ (பூட்டுக்கட்டை) மாட்டப் பள்ளம் வெட்டிய ஷாஃப்டும் இருக்கும், மரை போட்ட ஷாஃப்டும் இருக்கும். நம்ம பம்பில் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் நேராக ஷாஃப்டின் மரையில் திருகித்தான் நிற்கிறது. கீ வெட்டியதை வாங்கி வந்தால் திண்ணையில் வைத்து அழகு பார்க்க வேண்டியதுதான். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார், நம்பாதே.

மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். பிரித்ததும் கிராங்கை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அதுவரை பணம் உன்னிடமே இருக்கட்டும். வேலைக்கு நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டுப் போ.

அம்மா